சர்வீஸ் முடிந்தது, புகை தொடங்கியது
பெங்களூரில் மழை பிடிப்பதற்கு முன்பாக எங்கள் குடியிருப்பின் புல்வெட்டும் இயந்திரத்தை சர்வீசுக்குக் கொடுத்தோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அது, திரும்பி வந்து கயிற்றை இழுத்த கணமே கொசுமருந்து வண்டியைப் போல வெண்ணீலப் புகையைக் கக்கியது. “புது ஆயில் சார், அடங்கிவிடும்” என்றார் மெக்கானிக். அடங்கவில்லை. அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. போதாக்குறைக்கு, பிளேடைத் தீட்டுவதற்காக ஏர் ஃபில்டர் கீழே வரும்படி சாய்த்திருக்கிறார்கள் போலும், அதன் காகித மடிப்புகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. 4 ஸ்ட்ரோக் இன்ஜினை ஸ்பார்க் பிளக் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது (யார் படிக்கிறார்கள்?). மிகுந்த ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, பிளக்கைத் துடைத்த பிறகே புகை நின்றது. அந்தப் புது ஃபில்டருக்கும் எங்களிடமே பில் நீட்டினார்கள்.