ஒண்ணு தானேன்னு சொல்லாதீங்க

பெருநாளன்று என் வீட்டுக்கு வந்த ஒரு பிள்ளை அழுததும், சாச்சி (சித்தி) என்னைக் கேட்காமலே நான் சேர்த்து வைத்திருந்த பொம்மையில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதை எழுதி மூன்று நாள் ஆகிறது. அதற்குக் கீழே வந்ததில் பாதிக்கு மேல் ஒரே வார்த்தை. "ஒண்ணு தானே காக்கா (அண்ணா), மீதி அஞ்சு இருக்கே." சாச்சியும் அலமாரியைத் திறந்து அந்தப் பிள்ளை கையில் சிங்கி இறால் பொம்மையைக் கொடுத்தபோது அதையேதான் சொன்னார்கள். நான் அப்போது விருந்தாளிகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பச் சொல்கிறேன். என்னிடம் ஆறு பொம்மை இருக்கவில்லை. ஆறு துண்டாகப் பிரியும் ஒரு பொம்மை இருந்தது.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற, உருவம் மாறும் ரோபோ பொம்மை வரிசையில் 1988 இல் வந்த சீக்கான்ஸ் என்ற கூட்டம் அது. ஸ்னாப்டிராப் ஆமை, ஓவர்பைட் சுறா, சீவிங் திருக்கை, டென்டகில் கணவாய், ஸ்கேலர் மீன், நாட்டிலேட்டர் சிங்கி இறால். ஒவ்வொன்றும் தனியாக ரோபோவாக மாறும். சேர்க்கும்போது ஆமை உடம்பாகும், மற்றதில் நாலு கை காலாகும், மிஞ்சிய ஒன்று ஆயுதமாகிக் கையில் ஏறும். அப்படி எழுந்து நிற்பவன் பெயர் பிரானகான். நம் கடலில் வலை போட்டு இழுத்தால் வருகிற உருப்படிகள்தான் எல்லாம். அதனால்தான் வாப்பா வாங்கினார். ஜித்தாவில் ஒரு கடையில் பார்த்தாராம். "நம்ம ஊரு மீனெல்லாம் தொங்குதுடா" என்று கொண்டு வந்தார்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. முதல் லீவில் கணவாயும் திருக்கையும். அடுத்த லீவில் சுறாவும் மீனும். அதற்கடுத்து சிங்கி, அது அந்தக் கடையில் தூசி படிந்து கிடந்த கடைசி உருப்படி. ஆமை வரவே இல்லை. இவையெல்லாம் ஒன்றாகச் சேரும் என்று வாப்பாவுக்குத் தெரியாது, அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து எனக்குத் தெரியும். உடம்பே இல்லாத கை காலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி விளையாடியவன் நான். பதினேழு வருஷம் கழித்துத்தான் ஆமை கிடைத்தது. சிங்கப்பூரில் இருக்கிற மச்சான், யாரோ ஒருவர் விற்ற பழையதை வாங்கி அனுப்பினார். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வாப்பா முன்னால் வைத்து ஒவ்வொன்றாக மாட்டினேன். முழுசாக நின்றதும் வாப்பா சொன்னார், "இவ்வளவு பெருசா வரும்னு கடைக்காரன் சொல்லவே இல்லையே."

கருத்துப் பெட்டியில் விவரம் தெரிந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார், சிங்கி போனாலும் நாலு கை கால் மிஞ்சுகிறதே, பிரானகான் நிற்பானே என்று. நிற்பான், ஒத்துக்கொள்கிறேன். 1985 இல் வந்த டெவஸ்டேட்டர் என்ற, இதேபோல் பல ரோபோ சேர்ந்து ஒன்றாகும் பொம்மையில் ஒவ்வொருத்தனுக்கும் இடம் குறித்தாகிவிட்டது, ஒருத்தன் போனால் காலோ கையோ போச்சு. அடுத்த வருஷத்திலிருந்து வந்த பல கூட்டங்களில் எதைக் கையாகவும் வைக்கலாம், எதைக் காலாகவும் வைக்கலாம். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன் தம்பி. வெறுங்கையோடு நிற்பவனைப் பார்த்து "நிக்கிறானே" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணின் ஒரு தோட்டை யாராவது எடுத்துக்கொண்டு போனால், "இன்னொரு காதுல இருக்கே" என்பீர்களா?

நாற்பது வயதில் பொம்மையா என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது.

பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு பேச்சா என்கிறவர்கள் ஒரு தடவை கீழக்கரைக்கு வந்து பாருங்கள். இந்த உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காது. இதற்குள் இருப்பது சின்னச் சின்ன இரும்புத் திருகும் ஊசியும். ஒன்று துருப்பிடித்தால் மூட்டு இறுகிவிடும், வலுவாகத் திருப்பினால் முறிந்துவிடும். செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து அடியில் வைத்து, மாதம் ஒரு தடவை பருத்தித் துணியால் துடைத்து, வெயில் படாத அலமாரியில் வைத்திருந்தேன். வெயில் பட்டால் வெள்ளை மஞ்சளாகும். இதெல்லாம் யாரும் கேட்டதே இல்லை.

பிள்ளை அழுதது, உண்மைதான். பிள்ளைகள் எடுத்து விளையாடட்டும் என்றே கீழ்த் தட்டில் ஒரு கூடை நிறைய வைத்திருக்கிறேன், வருகிற பிள்ளைகள் எல்லாம் அறிவார்கள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் அதிலிருந்து ரெண்டு எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒரு சத்தம். அடுத்த அறையில்தான் இருந்தேன். இந்த வீட்டில் ஒரு தேக்சாவை எடுக்க வேண்டுமென்றாலும் உம்மாவிடம் கேட்டுத்தான் எடுப்பார்கள். என் பொருள் என்றால் மட்டும் ஏன் கேட்கத் தோன்றவில்லை? நான் அழமாட்டேன் என்பதாலா?

வாப்பா மவுத்தாகிப் பதினோரு வருஷம். சின்ன வயதில் அவரோடு பாம்பனில் நின்று 1914 இல் கட்டிய பாலம் பிரிந்து கப்பலுக்கு வழி விட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஆட்கள் கையாலேயே சுற்றித் திறந்தார்கள். "பிரிச்சா திரும்பச் சேர்க்கணும்டா, அதுதான் வேலை" என்றார். 2025 இல் புதுப் பாலம் திறந்தபோது நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புவதைப் பார்க்க அவர் இல்லை. அவர் கையால் வாங்கிக் கொடுத்ததில் கடைசி சிங்கிதான்.

சாச்சி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குப் புதுசாக ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன், கூடையில் இருப்பதைவிடப் பெரியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். சிங்கியோடு கறுப்பாகச் சின்ன ஸ்டாண்டு ஒன்றும் போயிருக்கிறது. கட்டிலுக்கடியில் பெருக்கும்போது அதையும் கொஞ்சம் பார்த்து வையுங்கள்.