அப்பா அழுதால் போதுமா?

நேற்று ராத்திரி டிவியில் மறுபடியும் 'விஸ்வாசம்' போட்டார்கள். ரிமோட் கையில்தான் இருந்தது, மாற்றவில்லை. 'கண்ணான கண்ணே' வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. வழக்கம்போல அழுகை வந்தது. அழுது முடித்ததும் வழக்கம்போல எரிச்சலும் வந்தது. அந்த எரிச்சலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அஜித் ரசிகர்கள் மன்னிக்கவும். என் அப்பாவும் உங்கள் ஆள்தான்.

கதை தெரியாதவர்கள் குறைவு. கொடுவிலார்பட்டி தூக்குதுரைக்கும் மும்பை டாக்டர் நிரஞ்சனாவுக்கும் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. துரைக்கு ஊரெல்லாம் பகை. ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார், வழியில் வெட்டுக்குத்து, குழந்தைக்குக் காயம். நிரஞ்சனா பிள்ளையோடு மும்பைக்குப் போய்விடுகிறார். பத்து வருஷம் கழித்து அங்கே போகும் துரை, தான் அப்பா என்று சொல்லாமலே மகளுக்குக் காவலாளாக நிற்கிறார்.

இதில் நிரஞ்சனா செய்தது என்ன தப்பு? வீட்டு வாசலில் அரிவாள் வந்து நின்றால் எந்த அம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் செய்வாள். ஆனால் படம் ஓட ஓட, எப்படியோ பாரமெல்லாம் நிரஞ்சனா தலையில் ஏறிவிடுகிறது. துரை பாவம், துரை தங்கம், இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்று தியேட்டரே முணுமுணுக்கிறது. பத்து வருஷம் தனியாளாக வளர்த்த கணக்கை யாரும் எடுப்பதில்லை. என் அம்மா இந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. 'எனக்கு எதுக்குடி' என்பார். அதோடு சரி.

என்னை உறுத்துவது அம்மாவைவிட அந்தப் பெண் ஸ்வேதா. அனிகா நன்றாகத்தான் நடித்திருப்பார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்பா மேல் கோபப்பட ஒரு காட்சிகூட எழுதி வைக்கவில்லை. யாரென்று தெரியாமலே பிடித்துப்போகிறது. தெரியும்போது படமே முடியப்போகிறது. நடுவில் 'இத்தனை நாள் எங்கே இருந்தீங்க' என்று கேட்க அவளுக்கு நேரமே கிடையாது. அப்பா பக்கத்தில் நின்று கண் கலங்குவதற்கு ஒரு மகள் வேண்டும், அதற்காக ஸ்வேதா. 'கண்ணான கண்ணே' தாமரை எழுதி, சித் ஸ்ரீராம் பாடியது; இசையமைத்த இமானுக்குத் தேசிய விருதே வாங்கிக்கொடுத்த படம் இது. அந்தப் பாட்டு முழுக்க முழுக்க அப்பாவின் பாட்டு. மகளுக்கு ஒரு பாட்டு இருந்திருந்தால் அது இவ்வளவு இனிமையாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் படத்துக்குள்ளேயே நல்ல சரக்கு ஒன்று இருந்தது. ஜெகபதி பாபு செய்த வில்லனும் ஒரு அப்பாதான். மகள் முதலிடம் தவிர வேறெதிலும் நிற்கக் கூடாது என்று கழுத்தை நெரிக்கிற அப்பா. கூடவே இல்லாத அப்பா ஒரு பக்கம், மூச்சுவிட இடம் தராத அப்பா மறுபக்கம். அந்த ரெண்டு பெண்களும் உட்கார்ந்து பேசியிருந்தால் எனக்குப் போதும். ஆனால் பொங்கலுக்கு 'பேட்ட'யோடு மோதவேண்டிய படம், சண்டை போட்டுத்தானே ஆகவேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு அஞ்சு வயசில் அப்பா வீட்டை விட்டுப் போனார். அரிவாள் எல்லாம் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அங்கே வேறொரு வாழ்க்கை, அவ்வளவுதான். எனக்குப் பதிமூன்று ஆனபோது பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு கோர்ட்டுக்கு வந்தார். நீதிபதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அம்மா அப்பா ரெண்டு பேரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, 'அப்பாவைப் பார்க்க இஷ்டமாம்மா' என்று கேட்டார். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கவனிக்கலாம் என்று 1890-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறதாம், பின்னாளில்தான் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எவனோ ஒருவனுக்கு, பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்போமே என்று தோன்றியிருக்கிறது. நான் 'தெரியல சார்' என்றேன். அவர் சிரிக்காமல் அதையே எழுதிக்கொண்டார். இன்றுவரை அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அப்புறம் மாதம் ஒரு சனிக்கிழமை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரி. அப்பா தேங்காய் பன் வாங்கித் தருவார். 'எத்தனாவது படிக்கிற?' என்று கேட்பார். 'ஒன்பதாவது.' அடுத்த மாதமும் அதே கேள்வி. அதற்கடுத்த மாதமும். ஞாபக மறதி என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவரிடம் இருந்த ஒரே கேள்வி அதுதான். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருக்கும், பஸ் ஏறும்போது பாவமாகவும் இருக்கும். ரெண்டும் ஒரே பன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வரும். இதைத்தான் நான் சினிமாவில் தேடுகிறேன்.

2019 ஜனவரியில் 'விஸ்வாசம்' வந்தபோது அவரே போன் பண்ணி, டிக்கெட் எடுத்திருக்கேன் வா என்றார். எனக்கு இருபத்து நாலு வயசு. அந்தப் பாட்டு வந்ததும் பக்கத்து சீட்டில் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரையாகத் தன்னை வைத்துக்கொண்டு அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இருட்டில் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்து, 'என்னமா எடுத்திருக்கான்' என்றார். நான் 'ம்' என்றேன்.

மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 1-ஆம் தேதி, இயக்குநர் ராமின் 'பேரன்பு' வந்தது. அதற்குத் தனியாகப் போனேன். அங்கேயும் அதே ஆள்தான், வருஷக்கணக்காகப் பிள்ளையை விட்டு இருந்த அப்பா. துபாயிலிருந்து திரும்பிவரும் அமுதவன், மம்மூட்டி. மகள் பாப்பாவுக்கு மூளை முடக்குவாதம். பெரியபெண் ஆகப்போகிற வயசு. பார்த்துக்கொண்ட அம்மா கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாவைப் படம் வில்லி ஆக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

பாப்பா அப்பாவை ஏற்றுக்கொள்வதில்லை. கிட்டே வந்தால் கத்துகிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சிரிக்க வைக்கிறேன் என்று ஆடுகிறார், பாடுகிறார், என்னென்னவோ வித்தை காட்டுகிறார். மம்மூட்டி ஆடினால் நாம் கைதட்டுவோம். பாப்பா தட்டமாட்டாள். பாப்பாவாக வரும் சாதனா அந்த மறுப்பை ஒரு வசனமும் இல்லாமல் செய்திருப்பார். 'தங்கமீன்கள்' படத்துக்குத் தேசிய விருது வாங்கிய அதே பிள்ளை, இதில் அதற்கும் மேலே. முதல் மாதவிடாயின்போது அப்பா உதவ வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் அப்பா என்று சொன்னால் மட்டும் அந்த இடத்தில் கதவு திறந்துவிடாது. அது அவருக்குப் புரிய நேரம் ஆகிறது, நமக்கும் அந்த நேரத்தைப் படம் கொடுக்கிறது.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். ராம் துன்பத்தைத் துன்பத்தின் மேல் அடுக்குவார். பிற்பாதியில், போதும் சார் விட்டுடுங்க என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் முதுகைக் காட்டி உட்காரும் உரிமையை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார் அல்லவா, அதற்காக மற்றதை எல்லாம் தள்ளுபடி செய்கிறேன்.

போன வருஷம் அப்பாவின் போனில் 'பேரன்பு' போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். ரெண்டு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்.

'ஏம்மா, அந்தப் புள்ள ஏன் அந்தாள ஏறெடுத்தே பாக்க மாட்டேங்குது?'

'முழுசாப் பாருங்கப்பா.'

'அவரு என்ன பாடு படுறாரு...'

'பாருங்கப்பா.'

கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் சத்தமில்லை. அப்புறம் 'சாப்பிட்டியா' என்றார். சாப்பிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசிவிட்டோம், அந்தப் படத்தைப் பற்றி மட்டும் அவர் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.