இல்லாத மெட்ரோவுக்கு வரைபடம் வரைந்தவனின் வாக்குமூலம்

இல்லாத ரயில் பாதைகளுக்கு வரைபடம் வரையும் பழக்கம் எனக்கு உண்டு. பள்ளி நாட்களில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தொடங்கியது, இன்னும் விட்டபாடில்லை. சிவப்பு வழி, நீல வழி, இரண்டையும் கோத்து ஒரு வட்டப்பாதை. நிறங்கள் தீர்ந்துபோனால் இருப்பவற்றைக் கலந்து இன்னொரு வழி. நிலையங்களுக்குப் பெயர் வைப்பதில்தான் பாதி இன்பம். இந்தப் பித்து எனக்கு மட்டும் பிடித்தது அன்று. எந்தப் பெருநகரத்தின் போக்குவரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் தன் கைப்பட வரைந்த படத்தோடு வந்து நிற்கிறார். அரசுகளும் இதையேதான் செய்கின்றன, தாள் மட்டும் கொஞ்சம் பெரியது.

இத்தனை ஆண்டுகளில் நான் வரைந்த எந்தப் படத்திலும் ஒரு விவரம் இருந்ததில்லை: ஒரு வண்டி போய்விட்டால் அடுத்தது எத்தனை நிமிடத்தில் வரும்?

இதற்கு நான் பாதி விளையாட்டாகக் குறை சொல்லும் ஆள் ஹாரி பெக். லண்டன் சுரங்க ரயிலுக்கு அவர் வரைந்த படம் 1933இல் அச்சாகிப் பயணிகள் கைக்கு வந்தது. மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகியவர். ஊரின் உண்மையான வளைவு நெளிவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, சாய்கோடு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். பூமிக்கு அடியில் போகிறவருக்கு எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்று தெரிந்தால் போதும் என்பது அவர் கணக்கு. மேதைமை, மறுப்பில்லை. ஆனால் அந்தப் பாணியை உலகமே எடுத்துக்கொண்டபோது ஒரு கெட்ட பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் வழியும், அரை மணிக்கு ஒன்று ஊர்ந்து வரும் வழியும் படத்தில் ஒரே தடிமன். படத்தைப் பார்த்தால் ஊர் முழுக்கப் போக்குவரத்து இருப்பது போலவே தெரியும். நிறுத்தத்தில் போய் நின்றால்தான் சாயம் வெளுக்கும்.

ஆகவே கோடுகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் காத்திருப்பிலிருந்து தொடங்குகிறேன். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், நினைத்த நேரத்தில் வந்து நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். 30 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 15. இது வெறும் நிமிடக் கணக்கோடு முடிவதில்லை. 30 நிமிட இடைவெளியில் வாழ்கிறவர் தன் நாளையே வண்டியின் நேரத்துக்கு ஒடித்து வளைக்க வேண்டும். வேலை ஐந்து நிமிடம் நீண்டால் வீடு திரும்புவது அரை மணி தள்ளிப்போகிறது. 10 நிமிடத்துக்குக் கீழே வந்துவிட்டால் கால அட்டவணை என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். வீட்டு வாசலில் கார் நிற்கும் நிம்மதிக்கு மிக அருகில் பொதுப் போக்குவரத்து வந்து சேரும் இடம் அதுதான். குளிர்சாதன வசதி, கம்பியில்லா இணையம், மெத்தை இருக்கை எல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

"எங்கள் வழித்தடத்தில் மணிக்கு 6 வண்டிகள் ஓடுகின்றன" என்று ஒரு நிர்வாகம் சொல்லும்போது உடனே நம்பிவிடாதீர்கள். பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆறும் எப்படி வருகின்றன என்பதில் விஷயம் இருக்கிறது. முன்னால் போகும் பஸ் ஏதோ காரணத்தால் ஒரு நிமிடம் தாமதமாகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரமாகிறது, தாமதம் கூடுகிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெருகுகிறது. பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்ற ஆளே இல்லை, காலியாக ஓடி வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இப்போது இடைவெளிகள் 10, 10 என்பதற்குப் பதிலாக 18, 2 என்று ஆகிவிட்டன. சராசரி இடைவெளி அதே 10 நிமிடம்தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த நீண்ட 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து விழுகிறார்கள். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து 8.2 நிமிடமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, அவர்கள் ஏறுவது பிதுங்கி வழியும் முதல் வண்டியில். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. எல்லாக் கதவுகளிலும் ஏறலாம், டிக்கெட்டை வண்டிக்கு வெளியிலேயே வாங்கிவிடலாம், நடுவில் ஓரிரு இடங்களில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஏற்பாடு இருந்தால் இந்த ஒட்டுதல் பெருமளவு குறையும். அறிக்கைகளில் வண்டி எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இடைவெளியின் ஒழுங்கையும் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"அடிக்கடி பஸ் விட வேண்டுமென்றால் புது பஸ் வாங்க வேண்டும், பணம் எங்கே?" என்பது அடுத்து வரும் கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். முனையிலிருந்து முனைக்கு நெரிசலில் 60 நிமிடம். போய்வர 120, இரு முனைகளிலும் ஓய்வுக்கும் தாமதத்தை ஈடுகட்டவும் சேர்த்து 20. ஒரு வண்டி புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி அடுத்த நடைக்குத் தயாராக 140 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் 14 வண்டிகள் வேண்டும். இப்போது அந்தச் சாலையில் பஸ்ஸுக்குத் தனித் தடம் கொடுத்து, சிக்னலில் முன்னுரிமை கொடுத்து, கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாக இருக்கும் நிறுத்தங்களைச் சற்றுத் தள்ளிவைத்துப் பயணத்தை 45 நிமிடமாகக் குறைக்கிறோம் என்று வையுங்கள். சுற்று 110 நிமிடம், அதே சேவைக்கு 11 வண்டிகள் போதும். மூன்று வண்டிகளும் அவற்றின் ஓட்டுநர்களும் மிச்சம். பதினாலையும் அதே வழியில் ஓடவிட்டால் 8 நிமிடத்துக்குள் ஒன்று வரும். அதாவது நெரிசலில் சிக்கி நிற்கும் பஸ்ஸில் நாம் ஏற்கெனவே பணத்தைக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். தனித் தடம் கேட்கும்போது "காருக்கு இடம் குறைகிறதே" என்பவரிடம் இந்தக் கணக்கை நீட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்று ஓடினால் அந்த ஒற்றைத் தடத்தில் மணிக்கு 3,600 பேர் போகிறார்கள். அதே 3,600 பேரைக் காருக்கு ஒருவராக உட்காரவைத்தால் எத்தனை தடங்கள் வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். தானாக ஓடும் கார் வந்து இதைத் தீர்க்கும் என்கிறவர்கள், ஓட்டுநர் இல்லாவிட்டாலும் காரின் நீள அகலம் குறையாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துக் கதை எனக்கு அலுக்காதது. 1962இல் ட்ராம்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் திட்டத்தை அந்நகர மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். 1973இல் சுரங்க மெட்ரோவையும் நிராகரித்தார்கள். ட்ராம் சாலையிலேயே இருக்கட்டும், ஆனால் அது நிற்காமல் ஓடட்டும் என்ற மக்கள் முன்மொழிவை 1977இல் ஏற்றார்கள். 20 கோடி பிராங்க் ஒதுக்கப்பட்டது. ட்ராம் நெருங்கும்போது சிக்னல் வழிவிடுகிறது, காருக்கும் ட்ராமுக்கும் தடங்கள் பிரிக்கப்பட்டன. இதைச் சுரங்கத்துக்கு எதிரான நீதிக்கதையாகச் சொல்லக் கூடாது. அதே மக்கள்தான் பிறகு புறநகர் ரயிலுக்கு ஒப்புதல் அளித்தார்கள், நகரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி 1990இல் அதை ஓடவும் விட்டார்கள். தூரம் போகிறவர்களுக்குச் சுரங்கம், பக்கத்தில் போகிறவர்களுக்குச் சாலை. எது எதற்கு என்று தெரிந்து செய்தார்கள்.

நானும் மெட்ரோவின் எதிரி இல்லை. பஸ் தாங்கவே முடியாத கூட்டம் ஓடும் வழிகள் எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. அங்கே ரயில்தான் விடை. 1974இல் பிரேசிலின் குரிச்சிபாவில் தனித் தடத்தில் பஸ்களை ஓடவிட்ட முயற்சியும், 2000இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித் தட பஸ் சேவையும் பஸ்ஸால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டின. போகோட்டாவின் நெரிசல் அதன் எல்லையையும் சேர்த்தே காட்டிவிட்டது.

இனி என் படங்களின் இரண்டாவது பாவம். வீட்டு வாசலில் ஏறி அலுவலக வாசலில் இறங்க வேண்டும், நடுவில் மாறவே கூடாது என்று எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் நேர்வழி போட்டிருந்தேன். மாறி ஏறுவதை யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். ஆனால் நான்கு குடியிருப்புப் பகுதிகள், நான்கு வேலையிடங்கள் என்று வைத்துக்கொண்டால் நேர்வழிகள் 16 ஆகின்றன. இருக்கும் வண்டிகளைப் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 40 நிமிடத்துக்கு ஒரு பஸ்தான் தேறும். சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். அதே வண்டிகளை நடுவில் ஒரு சந்திப்பில் கூடும் நான்கே வழிகளில் ஓடவிட்டால் 10 நிமிடத்துக்கு ஒன்று வரும். ஏற 5 நிமிடம், மாறி ஏற 5 நிமிடம், மொத்தம் 10. நான்கில் ஒருவருக்கு மாறவே தேவையில்லை. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நோட்டை மூடி வைத்துவிட்டேன், அவ்வளவு வெட்கம்.

பார்சிலோனா 2012 முதல் 2018 வரை கட்டம் கட்டமாகச் செய்தது இதைத்தான். கடலுக்கு இணையாக ஓடும் வழிகள், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் வழிகள், சில குறுக்கு வழிகள் என்று 28 வழித்தடங்களைச் சதுரங்கக் கட்டம் போலப் போட்டார்கள். ஹியூஸ்டன் இன்னும் துணிச்சல். 2015 ஆகஸ்டில் ஒரே இரவில் பஸ் வலைப்பின்னலையே மாற்றியது. அதற்கு முன் அங்கே நிர்வாகக் குழு ஒரு சங்கடமான கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: அதிகம் பேர் ஏறும் இடங்களில் அடிக்கடி வண்டி விடுவதா, ஆள் குறைவான தெருக்களுக்கும் ஏதோ ஒன்று போவதா? வளத்தில் 80 சதவீதம் முன்னதற்கு, 20 சதவீதம் பின்னதற்கு என்று முடிவெடுத்தார்கள். அந்த விகிதம் எல்லா ஊருக்கும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வியை மேசைமேல் போட்டு எல்லோருக்கும் தெரியப் பதில் சொன்னார்களே, அது பிடித்திருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் இது யாரும் முடிவெடுக்காமலே முடிவாகிவிடுகிறது.

மாற்றம் வலிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்கொரியத் தலைநகர் சோல் 2004 ஜூலை 1 அன்று பஸ் வழிகளைத் திருத்தி, வண்டிகளுக்கு நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வகைப்படி நிறம் கொடுத்து, தூரத்துக்கேற்ற கட்டணத்தையும் புது அட்டையையும் சேர்த்தே கொண்டுவந்தது. முதல் நாட்களில் அட்டைக் கருவிகள் மக்கர் செய்தன, பயணிகள் கொதித்தார்கள், மேயர் மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் அது மற்ற நகரங்கள் வந்து பார்த்துப்போகும் ஏற்பாடானது.

மாறி ஏறச் சொல்கிறவர்கள் மாறும் இடத்தைக் கவனித்தாக வேண்டும், இல்லையென்றால் அது பெரிய அயோக்கியத்தனம். நான் தினமும் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறிய ஓர் இடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பஸ்ஸின் எஞ்சின் சத்தம் கேட்கும், ஏற முடியாது. படியேறி, பாலம் கடந்து, படியிறங்கி, சாலையைச் சுற்றி வருவதற்குள் பஸ் போயிருக்கும். ரயில் ஒரு துறைக்கு, பஸ் இன்னொரு துறைக்கு, சுவர் யாருக்கு என்று கடைசிவரை தெரியவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் 1960களிலேயே பல நிறுவனங்களின் வண்டிகளை ஒரே கட்டணம், ஒரே டிக்கெட் என்று ஒரு குடைக்குள் கொண்டுவந்துவிட்டது. டிக்கெட்டுக்குக் கணினியும் அட்டையும் வருவதற்கு முன்பு, காகிதச் சீட்டைக்கொண்டே. தொழில்நுட்பம் இல்லாததால் முடியவில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு முறை ஏறும்போதும் புதிதாகக் கட்டணம் வாங்கும் முறை யாரைத் தண்டிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் ஊருக்குள், மாலையில் ஊருக்கு வெளியே என்று ஒரே கோட்டில் போய்வருகிறவரை அது அதிகம் தொடாது. குழந்தையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து வேலைக்குப் போய், திரும்பும் வழியில் மருந்து வாங்கி, வயதானவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வீடு சேரும் பெண்ணுக்கு ஐந்து டிக்கெட். அவர் பயணங்கள் குறுகியவை, உச்ச நேரத்துக்கு வெளியே நடப்பவை, ஊர் நடுவைத் தொடாமலே ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போகிறவை. நான் வரைந்த எல்லாக் கோடுகளும் ஊர் நடுவுக்குத்தான் ஓடின. வரைந்தவன் ஓர் ஆண், காலையில் போய் மாலையில் வருகிறவன் என்பது அந்தப் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கட்டணமே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எஸ்டோனியாவின் தலைநகர் தால்லினில் 2013 முதல் நகரவாசிகளுக்கு இலவசம், லக்சம்பர்க்கில் 2020 மார்ச் முதல் நாடு முழுக்க எல்லோருக்கும். எனக்கு எதிர்ப்பு இல்லை. வராத பஸ்ஸில் டிக்கெட் விலை என்னவாக இருந்தால் என்ன என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போதும் வரைகிறேன். ஊர் முழுவதையும் வரைவதில்லை, ஒரே ஒரு நாற்சந்தி மட்டும். இரண்டு வழித்தடங்கள் குறுக்காகக் கடக்கின்றன. நிறுத்தம் சிக்னலைத் தாண்டி இருந்தால் முன்னுரிமை நன்றாக வேலை செய்யும், பஸ் பச்சையில் கடந்துவிட்டு நிதானமாக ஆள் ஏற்றலாம். ஆனால் இரண்டு வழிகளும் தாண்டியே நின்றால் மாறுகிறவர் எந்தத் திசைக்கும் சாலையைக் கடந்தே தீர வேண்டும். ஒன்று சிக்னலுக்கு முன்பும் மற்றது தாண்டியும் நின்றால் சில திசைகளுக்கு இரண்டு நிறுத்தங்களும் ஒரே மூலையில், ஒரே கூரையின் கீழ் அமைகின்றன. சிக்னலுக்கு முன்பு நிற்கிற பஸ்ஸோ ஆள் ஏற்றி முடிப்பதற்குள் பச்சையைத் தவறவிடுகிறது. மூன்று வாரமாக அழித்து அழித்து வரைகிறேன், தாள் அந்த மூலையில் கிழிந்தேவிட்டது. இப்போதைக்குக் கூரையின் பக்கம் சாய்ந்திருக்கிறேன். சிக்னல் பொறியியல் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள்.