தலைக்கு மேலே போகும் பாதையைப் பற்றி நம்மிடமும் கேளுங்கள்

சென்னை மீனம்பாக்கத்தைச் சுற்றி கொளப்பாக்கம், பொழிச்சலூர், பம்மல் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். கொஞ்சம் உயரம் கூட்டிக் கட்ட விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று தேவைப்படும். பாதுகாப்புக்கான விதி, சரி. ஆனால் அந்த மாடிக்கு மேலே விமானம் எந்தப் பாதையில், எந்த நேரத்தில் போகலாம் என்று முடிவெடுக்கும்போது வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் ஆதங்கமே இதுதான்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் பார்த்தார்கள். முன்பெல்லாம் அங்கே விமானங்கள் கிளம்பியதும் பரவலாகப் பிரிந்து போகும், சத்தமும் பல தெருக்களுக்குப் பங்காகிவிடும். 2014 செப்டம்பரில் அந்த நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. செயற்கைக்கோள் வழிகாட்டும் புதிய பாதைகளைக் கொண்டுவந்தது. அதில் விமானங்கள் கோடு போட்ட மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம். மொத்தச் சத்தமும் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் தலையில் விழுந்தது. முன்கூட்டியே விஷயம் சொல்லப்பட்டது மாநகராட்சியின் கீழ்நிலை ஊழியர்கள் சிலருக்கு மட்டும்தான். நகரமும் குடியிருப்பு மக்களும் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.ஏ.ஏ. செய்தது சட்டப்படி செல்லாது என்றது. மேற்கு நோக்கிய பாதைகள் 2018-இல்தான் பழைய நிலைக்குத் திரும்பின. அதுவரை அந்தத் தெருக்காரர்கள் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு?

புகார் கொடுத்தால் "சராசரி அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது" என்பார்கள். அமெரிக்காவில் அந்த வரம்பு, வருடச் சராசரியில் 65 டெசிபல். ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, தூளியில் கிடக்கும் குழந்தை வீறிட்டு எழுவதை எந்தச் சராசரி காட்டும்? அந்த 65 டெசிபல் அளவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் மிகவும் அவதிப்படுவார்கள் என்பது அவர்களின் பழைய கணக்கு. எஃப்.ஏ.ஏ.வே 20 விமான நிலையங்களைச் சுற்றி 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2021-இல் முடிவை வெளியிட்டது. அதில் நூற்றுக்கு அறுபது பேருக்கும் மேல் என்று வந்தது. மக்களிடமே கேட்ட பிறகுதான் இந்த உண்மையே வெளியே வந்தது.

ஜெர்மனியில் பெரிய விமான நிலையங்களுக்கு விமானச் சத்தக் குழு அமைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் பிரதிநிதிகள் அதில் உட்காருகிறார்கள். அவர்கள் சொல்வதை அதிகாரிகள் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. ஏற்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஒரு வரிதான். காரணம் சொல்ல வேண்டும் என்றாலே, முடிவெடுப்பவர் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிப்பார்.

விமானமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அதில்தான் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வருகிறார்கள். பாதையை மாற்றும் முன்பே வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். இரவு நேர விமானங்களை அதிகமாக்க முடிவெடுக்கும் கூட்டத்தில் எங்கள் வார்டு ஆட்களுக்கு நாற்காலி போடுங்கள். எங்கள் கோரிக்கையை நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.