டாம் பேக்கர் வராத விழா

'டாக்டர்' என்ற காலப்பயணி வேடத்தில் நடிகர்கள் மாறி மாறி வரும் பிரிட்டிஷ் டிவித் தொடர் 'டாக்டர் ஹூ'. அதன் ஆண்டுவிழாக் கதைகளில் 2013-இல் வந்த 50-ஆம் ஆண்டுக் கதைதான் உச்சம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, பிரமாண்டம்தான். ஆனால் என் ஓட்டு 1983-இல் வந்த 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' கதைக்கு. முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் 1975-லேயே இறந்துவிட்டதால் அவர் வேடத்தில் ரிச்சர்ட் ஹர்ன்டால். நான்காம் டாக்டர் டாம் பேக்கரோ வரவே மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் என்ன? 1979-இல் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்றுபோன 'ஷாடா' என்ற டாக்டர் ஹூ கதையிலிருந்து, கேம்பிரிட்ஜில் அவர் படகு தள்ளும் காட்சியை எடுத்து ஒட்டி, காலச்சுழலில் மாட்டிக்கொண்டார் என்று சமாளித்தார்கள். விளம்பரப் படத்தில் அவருக்குப் பதில் மெழுகுப் பொம்மை! கையில் இருப்பதை வைத்துச் சமைத்த அந்த ருசி 2013-இல் இல்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: அந்த 2013 கதையின் கடைசியில் கிழவராக டாம் பேக்கர் வந்து நின்றபோது எனக்கும் தொண்டை அடைத்தது.