எரித்ததால் மட்டும் அழியவில்லை

பிலிப்பைன்ஸின் பழைய இலக்கியம் ஸ்பானியப் பாதிரியார்கள் எரித்ததால் அழிந்தது என்கிறது அந்நாட்டு இலக்கியம் பற்றிய ஒரு கட்டுரை. அது முழுக் காரணம் அல்ல. அங்குள்ள மலைவாழ் இஃபுகாவோ மக்களின் ஹுட்ஹுட் போன்ற நெடும்பாடல்கள் வாய்மொழியாகவே வாழ்ந்தவை. தகாலோக் மக்களின் பைபாயின் எழுத்தும் நீண்ட நூலுக்கு வசதியானதல்ல. மொத்தம் 17 எழுத்துகள்: 3 உயிர், அகரம் ஏறிய 14 மெய். மேலே குறி இட்டால் இ/எ, கீழே இட்டால் உ/ஒ. ஆனால் நம் புள்ளிபோல் அகரத்தை நீக்கும் குறி கிடையாது. தனி மெய் எழுதப்படாமலே விடுபடும். பாத்தா (குழந்தை), பாத்தாஸ் (சட்டம்), பான்தாய் (காவலர்) மூன்றுக்கும் அதே 'ப', 'த' தான்! 1620 வாக்கில் பிரான்சிஸ்கோ லோபெஸ் பாதிரியார் இதற்காகச் சிலுவைக்குறி ஒன்றைச் சேர்த்தார். மக்களிடம் அது நிலைக்கவில்லை.

இன்னொன்று, பாதிரியார்களே சேமித்தும் வைத்தார்கள். நோசேடா, சான்லூகார் இருவரின் 1754 தகாலோக் அகராதியில் விடுகதைகளும் தனாகா என்ற குறும்பாடல்களும் எடுத்துக்காட்டாக வருகின்றன. தனாகா 4 அடி, அடிக்கு 7 ஒலியசை. இதை நம் யாப்பின் நேர், நிரை கணக்கில் எண்ணக்கூடாது. நிரையில் இரண்டு உயிரொலி ஓரசையாகிவிடும். அங்கே உயிரொலி ஒவ்வொன்றும் ஓர் அசை.

தகாலோக் கவிஞர் பலாக்தாஸின் 'ப்ளோரான்தே அத் லௌரா' என்ற கதைப்பாடலை (1838) அந்தக் கட்டுரை கொரிடோ என்ற பா வகையாகக் குறிப்பிடுவதும் தவறு. கொரிடோவுக்கு அடிக்கு 8 அசை. இதுவோ அவித் என்ற வேறு பா வகை: அடிக்கு 12 அசை, ஆறாவதன் பின் ஒரு நிறுத்தம், நான்கடிக்கும் ஒரே இயைபு.