பேக்கரி பெஞ்சு கோர்ட்

சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊர் பேக்கரியில் காலை ஆறரைக்கே கோர்ட் கூடிவிடுகிறது. ஒரு டீ, ஒரு தேங்காய் பன், கையில் ஒரு செல்போன், அவ்வளவுதான் வேண்டும். போன வாரம் முழுக்க ஒரு நடிகையின் விவாகரத்து. இந்த வாரம் யாரோ ஒரு அரசியல்வாதி ரிசார்ட்டில் யாருடனோ இருந்ததாக வந்த வீடியோ. அது நிஜமா, வெட்டி ஒட்டியதா என்று ஒருத்தருக்கும் கவலையில்லை.

தீர்ப்பு சொல்பவர் எனக்குப் பெரியப்பா முறை. "குடும்பத்தையே ஒழுங்கா நடத்தாதவன் நாட்டை எங்கீங்க நடத்தறது?" நல்ல கேள்விதான். பகல் பன்னிரண்டுக்கு டாஸ்மாக் ஷட்டரைத் தூக்கும்போது இதே பெரியப்பா எங்கே நிற்பார் என்று ஊருக்கே தெரியும். நோம்பி வந்தால் தோட்டத்துச் சாளையில் விடிய விடிய சீட்டு. போன தடவை பெரியம்மாவின் வளையல் அதில்தான் போனது. குடிப்பதும் சீட்டாடுவதும் அவர் பாடு, நான் கேட்கப் போவதில்லை. ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, கையில் கிளாஸோடு நிற்கிற நடிகையின் போட்டோவைப் பார்த்து "இதெல்லாம் ஒரு பொம்பளையா" என்கிறாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹீரோ குடித்தால் மட்டும், "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ!"

மாட்டியது அவர் கட்சி ஆள் என்றால் "அது அவரோட சொந்த விஷயமுங்க." எதிர்க்கட்சி ஆள் என்றால் பண்பாடு, கலாச்சாரம் எல்லாம் வந்துவிடும். ஈரோட்டுப் பெரியாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இதே கதைதான். சாதியைப் பற்றி அவர் கேட்டதற்கு ஒரு பதிலும் இருக்காது. நேராக 1949க்குப் போய், மணியம்மையைக் கட்டிக்கொண்டதில் நிற்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தே எத்தனை வருஷம் ஆகிவிட்டது! அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்தால் ஜெயில் என்ற 497ஆம் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்துவிட்டது. எங்கள் பெஞ்சில் அது இன்னும் அமலில் இருக்கிறது, பிடிக்காதவர்களுக்கு மட்டும்.

(நானும் யோக்கியன் இல்லை. அந்த வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

இன்றைக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏனுங் பெரியப்பா, பாசனத்துக்குன்னு நொய்யல்ல கட்டுன ஒரத்துப்பாளையம் அணையில திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணி தேங்கி, சுத்தியிருக்கிற கிணறெல்லாம் கெட்டுப்போச்சு. 2011ல ஹைகோர்ட்டு சொல்லித்தான சாயப்பட்டறைகளை மூடுனாங்க? அதுவரைக்கும் நாம ஓட்டுப் போட்டு அனுப்புனவங்க என்ன பண்ணுனாங்கன்னு ஒரு நாளாவது இந்த பெஞ்சுல பேசியிருக்கறமுங்களா?"

பெரியப்பா பன்னை டீயில் நனைத்தார். "அதைப் பேசி என்ன கண்ணு ஆகப்போகுது." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் செல்போனை என் பக்கம் தள்ளி, "ஏங்கண்ணு, இந்த ரிசார்ட்டு எந்த ஊர்ல இருக்குது?"